சம்மத வயதுச் சட்டம் வேலை செய்கிறதா? 18 ஏன், 16 ஏன் இல்லை?

வைகைக்கரையான்:
பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பேச்சை எடுத்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. "பதினேழு வயதுக் காதலைச் சிறையில் தள்ளும் சட்டம்" என்று ஒரு பக்கம். "வயதைக் குறைத்தால் பிள்ளைகளுக்கு இருக்கிற பாதுகாப்பும் போச்சு" என்று இன்னொரு பக்கம். இரண்டையும் கேட்டுக் காது புளித்துவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். இப்படி ஒரு வயதைச் சட்டத்தில் எதற்காக எழுதினார்கள்? எழுதிய பிறகு தரையில் என்ன நடந்தது? பிரிவு, தீர்ப்பு, நடைமுறை தெரிந்தவர்கள் எழுதுங்கள். டிவி விவாதம் வேண்டாம்.

பனையோலை:
பழசிலிருந்தே வருகிறேன். இன்றைய சண்டையின் வசனம் முழுக்க அங்கேயே இருக்கிறது.

1860 இந்திய தண்டனைச் சட்டம் போட்ட கோடு 10 வயது. அதற்குக் கீழே என்றால் சம்மதம் இருந்தாலும் வன்புணர்வுதான். மனைவிக்கும் அதே 10. 1890-ல் கல்கத்தாவில் புல்மோனி தாசி வழக்கு விசாரணைக்கு வந்தது. கணவன் வயதில் பல மடங்கு பெரியவன். சிறுமி இறந்துபோனாள். அவள் 10 வயதைத் தாண்டியிருந்ததால் வன்புணர்வுக் குற்றம் அவன்மேல் ஒட்டவில்லை. அஜாக்கிரதையாகக் கொடுங்காயம் விளைவித்தான் என்று ஓராண்டுக் கடுங்காவல், அவ்வளவுதான். பம்பாயில் பத்திரிகையாளர் பெஹ்ராம்ஜி மலபாரி வயதை உயர்த்தச் சொல்லி ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். 1891-ல் கோடு 12-க்கு ஏறியது. எதிர்த்தவர்களில் பெரிய பெயர் திலகர். குழந்தைக்கு ஆபத்தா இல்லையா என்பதைவிட, அந்நிய அரசு நம் வீட்டு வழக்கத்தில் கை வைக்கலாமா என்பதே அங்கே வாதமாக இருந்தது.

1925-ல் மணத்துக்கு வெளியே 14, மணத்துக்குள் 13. 1940-களின் முடிவில் வெளியே 16, மனைவிக்கு 15. 2012-ல் போக்சோ வந்து 18 ஆக்கியது. மனைவிக்கு மட்டும் அந்த 15 அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதையும் 18 என்று வாசித்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 63-ம் பிரிவிலும் 18தான்.

ஆக 10-லிருந்து 18-க்கு வர 150 ஆண்டு. 1925-லிருந்து ஒவ்வொரு படியிலும் மனைவி ஒரு படி கீழேயே நின்றாள் என்பதைக் கவனியுங்கள்.

சட்டம் வேலை செய்ததா என்றால் 1929 சாரதா சட்டத்தைப் பாருங்கள். அது சம்மத வயது இல்லை, திருமண வயது. ஆனாலும் பாடம் ஒன்றுதான். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரல் 1. இடையில் கிடைத்த மாதங்களில் நாடெங்கும் அவசர அவசரமாகப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே குழந்தை மனைவிகளின் எண்ணிக்கை ஏறித் தெரிந்தது. சட்டத்தின் பல்லையும் முன்கூட்டியே பிடுங்கியிருந்தார்கள். போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. யாராவது ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுப்பவரிடம் 100 ரூபாய் வரை பிணைப்பத்திரம் கேட்கலாம். தண்டனை அதிகபட்சம் ஒரு மாதம் வெறுங்காவல், ஆயிரம் ரூபாய் அபராதம். நடந்த கல்யாணமோ செல்லும். சொந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரன்மேல் 100 ரூபாய் பிணை எழுதி வழக்குப் போட யார் போவார்கள்?

சாட்சிக்கூண்டு:
பனையோலை ஐயா சொன்னது வரலாறு. நடப்புச் சட்டத்துக்கு வருகிறேன்.

"சம்மத வயது" என்று போக்சோவில் எந்தப் பிரிவும் கிடையாது. 2(1)(டி) பிரிவில் 18 நிறையாதவர் எவரும் குழந்தை என்று ஒரே வரி. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதமும் இல்லை. குற்றப் பிரிவுகளில் "சம்மதம் இல்லாமல்" என்ற சொற்களே கிடையாது. அதனால் சம்மதம் இருந்ததா என்ற கேள்வி விசாரணையில் எழவே வழியில்லை.

கோடு எதற்கு என்பதற்கான உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்கு அறிவு இருக்கிறதா என்பதைச் சட்டம் அளந்து பார்க்கவில்லை. கூண்டில் ஏறும் பிள்ளையிடம் "நீ விரும்பித்தானே போனாய், கத்தினாயா, காயம் எங்கே" என்று கேட்கும் வாய்ப்பை எதிர்த் தரப்பிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. மதுரா என்ற பெண்ணின் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்குள் நடந்த குற்றம். பெண்ணின் வயது 14 முதல் 16 வரை இருக்கலாம் என்றுதான் மருத்துவர் சொன்னார். வயது உறுதியாகாததால் வழக்கு முழுக்கச் சம்மதத்தின்மேல் போய் விழுந்தது. உடலில் காயம் இல்லை என்பதை முக்கியக் காரணமாக வைத்து 1978-ல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 16-க்குக் கீழ் என்று அன்று நிரூபணமாகியிருந்தால் அந்த வாதத்துக்கே இடம் இருந்திருக்காது.

சட்டத்தின் மற்ற பற்களும் இதே நோக்கம்தான். 24-ம் பிரிவுப்படி வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடை கூடாது. இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. 33(2)-ன்படி குறுக்கு விசாரணைக் கேள்வியை வக்கீல் நேரே கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான். 35-ம் பிரிவு: வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியம், கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிவு. 37: மூடிய அறை.

காகிதத்தில் இதைவிட நல்ல சட்டம் எழுதுவது கஷ்டம். 30 நாள் எங்கே காப்பாற்றப்படுகிறது என்று கேட்காதீர்கள்.

தாழ்வாரம்:
கேட்கத்தான் செய்வோம் 🙂

எதிர்வாதி:
சட்டம் யாரைக் குறிவைத்து எழுதப்பட்டது என்பது சரி. யாரைப் பிடிக்கிறது என்று பாருங்கள். எனஃபோல்டு என்ற அமைப்பு அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வந்த 7,064 போக்சோ தீர்ப்புகளைப் படித்தது. அதில் 1,715 காதல் உறவு வழக்குகள். 24.3 விழுக்காடு. ஏறத்தாழ நாலில் ஒன்று. இந்த வழக்குகளில் புகார் கொடுத்தவர்களில் பெரும்பான்மை பெண்ணின் பெற்றோரும் உறவினரும். முடிவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விடுதலை.

இங்கே நம் ஊரில் அது எப்படி ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண் வீட்டைவிட்டுப் போகிறாள். பையன் வேறு சாதி. அப்பா ஸ்டேஷனில் "மகளைக் காணவில்லை" என்று எழுதிக் கொடுக்கிறார். முதலில் காணாமல் போனவர் வழக்கு, பெண்ணின் வயது 17 என்றதும் கடத்தல், மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் போக்சோ. மூன்று படி, சில நேரம் மூன்றே நாள். பையன் உள்ளே, பெண் காப்பகத்தில். அவளைக் காக்க வந்த சட்டம் அவளை அடைத்து வைக்கிறது.

கடத்தல் பிரிவை இதற்குப் பயன்படுத்துவதும் புதிதில்லை. வரதராஜன் எதிர் மெட்ராஸ் மாநிலம் என்ற வழக்கில், 18-ஐத் தொடப்போகும் பெண் தானே முடிவெடுத்து வீட்டைவிட்டு வந்தால், கூடப் போனவன் அவளை "அழைத்துச் சென்றான்" ஆகாது என்று 1964-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வாசலைப் போக்சோ அடைத்துவிட்டது. கடத்தலிலிருந்து தப்பினாலும் இதில் மாட்டிக்கொள்வான்.

2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் சபரி வழக்கில் வயதை 16 ஆக்கலாம், இருவருக்கும் வித்தியாசம் ஐந்து ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று யோசனை சொன்னது. 2021-ல் விஜயலட்சுமி வழக்கில் இப்படிப்பட்ட ஒரு வழக்கையே ரத்து செய்தது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு டிஜிபி, காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள், நோட்டீஸ் கொடுத்து விசாரியுங்கள் என்று சுற்றறிக்கையே விட்டார். சட்டத்தை அப்படியே நடத்தினால் அநியாயமாகும் என்று போலீஸ் தலைமையே எழுதிக் கொடுத்த மாதிரிதானே இது?

செவ்வந்தி:
சகோதரர் எதிர்வாதி நீதிமன்றத்தோடு நிறுத்திவிட்டார். இந்தச் சட்டத்தின் பெரிய பக்கவிளைவு மருத்துவமனையில் இருக்கிறது.

19-ம் பிரிவு: குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். டாக்டர், நர்ஸ், ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கும் விலக்கு இல்லை. சொல்லாவிட்டால் 21-ம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவராக இருந்து மறைத்தால் ஓராண்டு வரை. தெரிந்தும் சொல்லாத குழந்தைக்கு மட்டும் தண்டனை இல்லை.

இப்போது தமிழ்நாட்டு நடைமுறையோடு சேர்த்துப் பாருங்கள். கர்ப்பம் தெரிந்ததும் பிக்மியில், அதாவது அரசின் கர்ப்பப் பதிவுத் தளத்தில், பதிய வேண்டும். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது சிரமம். பதியும்போது ஆதார் கேட்பார்கள், பிறந்த தேதி தெரிந்துவிடும். 17 என்றால் ஆரம்ப சுகாதார நிலையம் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்தே தீர வேண்டும். சட்டப்படி அவர்கள் செய்வது சரி. விளைவு? அடுத்த தெருப் பெண் அந்தப் பக்கமே வருவதில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்குவது, ரத்தப்போக்கு நிற்காமல் போன பிறகு வருவது, அல்லது ஏழாம் மாதத்தில் வேறு மாவட்டத்தில் வயதைக் கூட்டிச் சொல்லிப் பதிவது. பதினேழு வயதுக் கர்ப்பத்தில் ரத்தசோகையும் ரத்தக்கொதிப்பும் வரும் வாய்ப்பு கூடுதல். சரியாக அந்தப் பெண்தான் பரிசோதனைக்கு வராமல் போகிறாள்.

2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி திறந்துவிட்டது. 18-க்குக் கீழே உள்ள பெண் கருக்கலைப்புக்கு வந்து, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குக் கொடுக்கும் தகவலில் பெயர், அடையாளம் சொல்லத் தேவையில்லை. தகவல் கொடுக்கும் கடமை அப்படியே இருக்கிறது, அடையாளத்துக்கு மட்டும்தான் விலக்கு. இதைத் தெரிந்து வைத்திருக்கும் மருத்துவமனை குறைவு. தெரிந்தாலும், நாளைக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து "யார் அந்தப் பெண்" என்று கேட்டால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பெயரை எழுதிவிடுகிறார்கள்.

வைகைக்கரையான்:
செவ்வந்தி அக்கா, அப்படியானால் 16 ஆக்குவதுதான் சரி என்கிறீர்களா?

செவ்வந்தி:
இல்லை தம்பி. அங்கேதான் எதிர்வாதியோடு எனக்கு முட்டும். தேசியக் குற்றப் பதிவுகளில் ஆண்டு தவறாமல் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்த ஆள். மாமா, பக்கத்து வீடு, ட்யூஷன் வாத்தியார், அப்பாவே கூட. 16 என்று கோட்டை மொத்தமாக இறக்கினால், பதினாறரை வயதுப் பெண்ணை 45 வயது வாத்தியார் தொட்ட வழக்கிலும் "அவளுக்கு இஷ்டம்தான்" என்ற வாதம் உள்ளே வரும். சாட்சிக்கூண்டு சொன்னாரே, அந்தக் கேள்விகள் எல்லாம் திரும்ப வரும்.

சாட்சிக்கூண்டு:
அதோடு தண்டனைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

2012-ல் 4-ம் பிரிவுக்கு, அதாவது உடலுறவு வகைக் குற்றத்துக்கு, குறைந்தபட்சம் 7 ஆண்டு. 2019 திருத்தம் அதை 10 ஆக்கியது, பிள்ளைக்கு 16-க்குக் கீழ் என்றால் 20. 6-ம் பிரிவுக்கு, அதாவது கடுமையாக்கப்பட்ட குற்றத்துக்கு, குறைந்தபட்சம் 20. காதல் வழக்கு இதில் 4-ம் பிரிவில் நிற்பதே அபூர்வம். 5(எல்): ஒரு முறைக்கு மேல் என்றால் கடுமையாக்கப்பட்டது. 5(ஜே)(2): பெண் கர்ப்பமானால் கடுமையாக்கப்பட்டது. பெற்றோருக்குத் தெரியாத உறவு வெளியே வருவதே பெரும்பாலும் கர்ப்பத்தால்தான். ஆக, ட்யூஷன் வாத்தியாருக்கும் 19 வயதுக் காதலனுக்கும் ஒரே பிரிவு, ஒரே 20 ஆண்டு.

குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. 20 ஆண்டு கொடுக்க மனம் வராத வழக்கில் என்ன ஆகிறது? வயது நிரூபிக்கப்படவில்லை, அல்லது பெண் பிறழ்சாட்சி, விடுதலை. தண்டனையை ஏற்ற ஏற்றத் தீர்ப்பு விடுதலைப் பக்கம் சாய்கிறது. கூடவே உண்மையான வன்முறை வழக்குகளிலும் "வயதை உடை" என்ற உத்தி பழகிப்போகிறது.

2023 செப்டம்பரில் வந்த 283-வது சட்ட ஆணைய அறிக்கை வயதைக் குறைக்காதே என்றது. பதிலாக 16 முதல் 18 வரையுள்ள பிள்ளை மனமொத்து இருந்த வழக்குகளில் குறைந்த தண்டனை தர நீதிமன்றத்துக்கு வழிகாட்டப்பட்ட விருப்புரிமை கொடு என்றது. இதுவரை அந்தத் திருத்தம் வரவில்லை. மேற்கு வங்க வழக்கு ஒன்றில் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை மீட்டுக் கொடுத்துவிட்டு, 2025 மே மாதத்தில், முழு நீதிக்காக எந்த ஆணையும் போட அதிகாரம் தரும் அரசமைப்பின் 142-வது கூறைப் பயன்படுத்தி, தண்டனை வேண்டாம் என்று முடித்தது. அந்தப் பெண் அவரோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு குடும்பத்துக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். விழுப்புரத்து போக்சோ கோர்ட்டில் அது கிடையாது.

இன்னொன்று. பையனுக்கும் 17 என்றால்? இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். குறைந்தபட்சம் 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம் "கொடிய குற்றம்". 16 நிறைந்த பையனை வயதுவந்தவனாக விசாரிக்கலாமா என்று அங்கே முதற்கட்ட மதிப்பீடு நடத்த வேண்டும். இருவருக்கும் ஒரே வயது. ஒருவர் பாதிக்கப்பட்டவர், மற்றவர் கொடிய குற்றவாளி. சட்டம் இருபாலுக்கும் பொதுதான். வழக்கு பையன்மேல்தான் வரும்.

கொடிகாமத்தான்:
இலங்கை நிலவரத்தையும் வைக்கிறன், ஒப்பிட உதவும். 1995-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி வயதை 12-இலிருந்து 16 ஆக்கினது. ஆனால் 363(இ) பிரிவில் ஒரு ஓட்டை விட்டவை. பெண் மனைவியாகவும் 12 வயதுக்கு மேற்பட்டவளாகவும் இருந்து, நீதிமன்றத்தால் பிரிக்கப்படாமல் இருந்தால் குற்றமில்லை. பொதுத் திருமண வயதை 18 ஆக்கினாலும் முஸ்லிம் திருமணச் சட்டம் தனியாகவே நின்றது. பனையோலை சொன்ன "மனைவி ஒரு படி கீழே" எங்களுக்கும் பொருந்தும்.

16-க்குக் கீழே என்றால் எங்களுக்கும் குறைந்தபட்சம் 10 வருசம். 2008-இல் உயர் நீதிமன்றம் ஒன்று இதைப்பற்றி உச்ச நீதிமன்றத்திடம் கேள்வி அனுப்பினது. குறைந்தபட்சத்துக்குக் கீழே தண்டனை விதிக்க உயர் நீதிமன்றத்துக்குத் தடை இல்லை எண்டு பதில் வந்தது. சாட்சிக்கூண்டு கேட்கிற விருப்புரிமை இஞ்ச தீர்ப்பால் வந்துவிட்டது. அதுக்கும் ஒரு விலை உண்டு: வயதில் மூத்த ஆக்களும் ஒத்திவைத்த தண்டனையோடு வீட்ட போற வழக்குகள். விருப்புரிமை வேணுமெண்டால் வயது வித்தியாசத்தையும் எழுத்தில போட வேணும்.

எதிர்வாதி:
அதைத்தான் மற்ற நாடுகள் செய்திருக்கின்றன. கனடாவில் 2008-ல் 14-லிருந்து 16 ஆக ஏற்றும்போதே எழுதினார்கள்: 14, 15 வயதுப் பிள்ளைக்கு ஐந்து ஆண்டுக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால் குற்றமில்லை. 12, 13-க்கு இரண்டு ஆண்டுக்கும் குறைவு. மூத்தவர் ஆசிரியர், பயிற்சியாளர் போல அதிகாரத்தில் இருந்தால் இந்த விலக்கே கிடையாது, அங்கே கோடு 18. ஜப்பான் 2023-ல் 13-லிருந்து 16-க்குப் போனது. 13 முதல் 15 வரை உள்ளவரோடு இருந்தவர் ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ மூத்தவர் என்றால்தான் குற்றம். பிரான்ஸ் 2021-ல் 15 என்று கோடு போட்டது, அங்கும் ஐந்து ஆண்டு வித்தியாசக் கணக்கு.

செவ்வந்தி, உங்கள் ட்யூஷன் வாத்தியார் இந்த மூன்று நாட்டில் எங்குமே வயது வித்தியாச விலக்கைக் காட்டித் தப்ப முடியாது. 16 என்று மொட்டையாக இறக்கு என்று நானும் கேட்கவில்லை. 16-18-க்கு வித்தியாசக் கணக்கு, அதிகார உறவுக்கு 18. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

செவ்வந்தி:
அப்படி எழுதினால் எனக்கு மறுப்பில்லை. வித்தியாசம் ஐந்தா மூன்றா என்பதில் சண்டை போடுவேன். பள்ளிப்பிள்ளைக்கும் வேலைக்குப் போகிறவனுக்கும் ஐந்து அதிகம். மிரட்டல், படம் எடுத்து வைத்துக்கொள்வது, கல்யாண வாக்குறுதி இவை இருந்தால் விலக்கு செல்லாது என்பதும் எழுத்தில் வேண்டும்.

சமரசம் பற்றியும் ஒரு வார்த்தை. "காதல் வழக்கை ரத்து செய்கிறார்களே" என்று காட்டி மற்ற வழக்குகளிலும் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கப் பார்க்கிறார்கள். ராஜஸ்தானில் ஆசிரியர்மேல் வந்த வழக்கைப் பெற்றோர் சமாதானமாகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தூக்கியெறிந்தது. பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதால் போக்சோ வழக்கு முடியாது.

பனையோலை:
ஒரு இடைச்செருகல். வழக்கு எண்ணிக்கை கூடியதை வைத்து "சட்டம் தோற்றுவிட்டது" என்று சொல்லாதீர்கள். 2007-ல் மத்திய அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டபோது 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். அன்று பெரும்பாலானவற்றுக்கு எஃப்ஐஆர் எங்கே? இருந்தது வெளியே வருகிறது என்பதும் எண்ணிக்கை கூட ஒரு காரணம். எவ்வளவு பங்கு அது, எவ்வளவு பங்கு எதிர்வாதி சொல்லும் வழக்கு என்று பிரிக்காமல் மொத்த எண்ணை யாரும் காட்டக் கூடாது.

தாழ்வாரம்:
வயதை உடைக்கிறார்கள் என்றீர்களே சாட்சிக்கூண்டு சார், எப்படி உடைக்கிறார்கள்? ஆதாரில் பார்த்தால் முடிந்ததே.

சாட்சிக்கூண்டு:
ஆதார் வயதுக்குச் சான்று இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 94-ம் பிரிவு வரிசை சொல்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு வாரியச் சான்றிதழ். அது இல்லாவிட்டால்தான் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் இரண்டு பக்கமும் இரண்டு ஆண்டு பிசகலாம் என்று 1982-லிருந்தே நீதிமன்றங்கள் சொல்லி வருகின்றன. "17 முதல் 18" என்று டாக்டர் எழுதினால் சந்தேகத்தின் பலன் குற்றம்சாட்டப்பட்டவருக்கு.

நம் ஊர் வழக்கான யுவபிரகாஷ் வழக்கில் 2023 ஜூலையில் நடந்தது இதுதான். போலீஸ் வைத்தது டிசி, அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழ். 94-ல் சொன்ன ஆவணம் அது இல்லை என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. எலும்புப் பரிசோதனை 18-ஐத் தொட்டது. போக்சோ தண்டனை போச்சு. விசாரணை அதிகாரி பிறப்புச் சான்றிதழை முதலிலேயே தேடி வாங்கியிருந்தால் அங்கே எது உண்மையோ அது வந்திருக்கும்.

பள்ளித் தேதியிலும் ஒரு வேடிக்கை. ஐந்து வயது ஆகாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயதைக் கூட்டிப் போடும் பழக்கம் இருந்தது. பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தால் பாதி ஊருக்கு மே, ஜூனில் பிறந்தநாள். வரிசையில் பள்ளிச் சான்றிதழ் முன்னால் நிற்பதால், உண்மையில் 17 வயது 9 மாதம் ஆன பெண்ணுக்குச் சட்டப்படி 18 ஆகிவிடலாம். ஆகவே குறுக்கு விசாரணையில் தலைமையாசிரியரை வரவழைத்து, எந்த ஆவணத்தைப் பார்த்துத் தேதி எழுதினீர்கள் என்று கேட்பார்கள். "பெற்றோர் சொன்னதை எழுதினோம்" என்றால் அந்தச் சான்று ஆடும்.

வைகைக்கரையான்:
கடைசியாக ஒன்று. உண்மையான துன்புறுத்தல் வழக்கில் பெற்றோர் முதல் நாளில் எதை விட்டுவிடுகிறார்கள்?

செவ்வந்தி:
மூன்று. பிறப்புச் சான்றிதழைப் புகாரோடு கொடுப்பதில்லை, மேலே சொன்ன சிக்கல் அங்கேயே தொடங்கும். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது தெரியாமல் அதைக் கேட்பதில்லை. சொல்லவில்லை என்றால் வழக்கு முழுக்கப் பிள்ளைக்குத் துணை நிற்கும் ஆதரவு நபர் நியமிக்கப்பட மாட்டார், கோர்ட் தேதிகளைப் பிள்ளைக்குச் சொல்ல ஆளிருக்காது. ஆதரவு நபர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விடக் கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மூன்றாவது, இடைக்கால இழப்பீடு. எஃப்ஐஆர் போட்ட பிறகு எப்போது வேண்டுமானாலும் சிறப்பு நீதிமன்றம் தரலாம், தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனு போட வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டேஷனுக்குப் போகத் தயங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக்குள் நடந்தது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-லும் சொல்லலாம்.

சாட்சிக்கூண்டு:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் நின்று கெட்டுவிடும்.